ஃபின்டன் சிஸ்டர் பாட்டின் இரண்டாம் பாதி

பதினொரு மணிக்கு வருகிறேன் என்றவள் பத்தேகாலுக்கே வந்து உட்கார்ந்தால் நான் என்னத்தைச் செய்ய. தலை முழுக்கக் கறுப்புச் சாயம், நெற்றி ஓரத்தில் கறை பிடிக்காமலிருக்க வாஸ்லின், உடம்பில் இதற்கென்றே ஒதுக்கி வைத்த கிழிந்த நைட்டி, இந்த லட்சணத்தில் பாத்ரூமுக்குள் நான். கதவுக்கு வெளியே எட்டடி தள்ளி, என் ஹாலில், என் பிரம்பு நாற்காலியில், அயர்லாந்திலிருந்து வந்த மோரீன். படுக்கையறை பாத்ரூமில் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, இதோ வரேம்மா என்று போன பிளம்பர் போய் மூன்று நாள். அதனால்தான் ஹாலைப் பார்த்த இந்தப் பாத்ரூமுக்கு வந்தேன், அதனால்தான் மாட்டிக்கொண்டேன். புடவை கட்டில்மேல். கட்டில் ஹாலுக்கு அந்தப் பக்கம். குளித்துவிட்டாலும் கட்டிக்கொள்ள ஒரு துண்டுதான். "குமுதா, மேடம் வந்துட்டாங்க!" என்று இவர் கத்துகிறார், எனக்கென்னவோ காது போன மாதிரி. கதவிடுக்கில் வாயை வைத்து, "தெரியுது. புடவையைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க" என்றேன். கிட்டே வந்து, "எது? பச்சை ஒண்ணு இருக்கு, ஊதா ஒண்ணு இருக்கு" என்றார். "ஏதோ ஒண்ணு." "புடவையும் பாவாடையுமா தூக்கிக்கிட்டு அந்த அம்மா முன்னால நான் நடக்கணுமா? நல்லாவா இருக்கும்? நீ நிதானமா வா, ஷி இஸ் டேக்கிங் பாத்னு சொல்லிட்டேன்." ரயில்வே டிவிஷனல் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்த கௌரவம் ஒரு உள்பாவாடையில் போய்விடுமாம். கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்தேன். சுவரில் வெள்ளை டைல்ஸ், எண்ணினால் நூற்றுப் பன்னிரண்டு, எண்ணியாயிற்று. சாயம் காதோரம் இறங்குகிறது. இன்னும் இருபது நிமிஷம் வைத்திருக்க வேண்டும், அதற்கப்புறம் எவ்வளவு நேரமோ.

அவள் ஏன் வந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும், ஒரு மாசமாகத் தெரியும், ஒரு மாசமாகத் தூக்கமில்லை. பழைய மாணவிகள் வாட்ஸ்அப் குழுவில் ஸ்டெல்லாதான் போட்டாள். நம்ம ஃபின்டன் சிஸ்டரின் தங்கை மகள் வருகிறார், அவர்கள் ஊரில் நாட்டை விட்டுப் போனவர்களுக்காக ஒரு மியூசியம் திறக்கிறார்கள், கப்பலேறிப் போன கன்னியாஸ்திரீகள் கையோடு எதையெல்லாம் கொண்டுபோனார்கள், போன இடத்தில் அது என்னவாக ஆயிற்று என்பதற்காகவே அதில் ஒரு அறை, லேஸ் பின்னல், நடனம், பாட்டு. சிஸ்டருடைய அம்மா பாடிக்கொண்டிருந்த ஒரு பாட்டு, வீட்டில் யாருக்கும் பாதிக்குமேல் ஞாபகமில்லை, அம்மாவோடு மண்ணுக்குள் போய்விட்டது என்று விட்டுவிட்டார்களாம், எண்பத்திரண்டில் சிஸ்டர் திருச்சியிலிருந்து மீதிப் பாதியையும் டோ ரே மி போட்டுத் தங்கைக்கு எழுதி அனுப்பியிருக்கிறார், அதைப் பாடிய பிள்ளைகளில் ஒருத்தியைப் பதிவு செய்ய வேண்டும். "குமுதா, நீதானேடீ சோலோ?" ஐந்து கைகூப்பல். நான் ஒரு கட்டைவிரலைப் போட்டேன். கட்டைவிரல் போடுவதற்கு முன் யோசித்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பாட்டின் இரண்டாம் பாதி அயர்லாந்திலிருந்து வரவில்லை. எந்தக் கப்பலிலும் ஏறவில்லை. அதைப் போட்டது நான். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, குமுதவல்லி, வயது பதினாலு. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, கட்டினவரிடம்கூட, கட்டினவரிடம் என்ன கூட, அவரிடம்தான் முதலில் சொல்லவில்லை.

ஹாலில் இவர் குரல். "மை வைஃப் வெரி குட் சிங்கர்." ஆகா. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், பாடு என்று சொன்ன வாயா இது. மோரீன் ஏதோ சொல்கிறாள், சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு, மூக்கில் ஆரம்பித்துத் தொண்டையில் முடிகிற சிரிப்பு, சிஸ்டருடையது. சிஸ்டர் அபூர்வமாகத்தான் சிரிப்பார். பதினெட்டு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பியவர், அந்தக் காலத்தில் போனால் போனதுதானாம், அப்பா செத்தாலும் அம்மா செத்தாலும் தந்திதான், போகக் கூடாது, மடத்துச் சட்டம். முப்பத்துமூன்று வருஷம் கழித்துச் சட்டம் தளர்ந்து ஒரு தடவை போனார், மூன்று மாச லீவில் போனவர் ஒன்றரை மாசத்தில் திரும்பிவிட்டார். ஏன் சிஸ்டர் என்று கேட்டதற்கு, அங்கே எல்லாரும் என்னை எந்த ஊர் என்று கேட்டார்கள் என்றார். தலையை நம் மாதிரி ஆட்டுகிறாராம், கடைக்காரன் அதைப் பார்த்து வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு தடவை கேட்டானாம், சாப்பாட்டில் உறைப்பே இல்லையாம். அங்கே அந்நியம், இங்கே வெள்ளைக்காரி. நாங்கள் மட்டும் என்ன. திருச்சி மார்ச் வெயிலில் நெட்பால் கோர்ட்டில் பச்சை ரிப்பன் கட்டிக்கொண்டு, கையிரண்டையும் விலாவோடு ஒட்டிவைத்து, முகத்தில் ஒரு சலனமில்லாமல், இடுப்புக்குக் கீழே மட்டும் குதிகுதியென்று குதிப்போம், அதற்குப் பெயர் ஐரிஷ் நடனம். பக்கத்துத் தெருப் பையன்கள் மதில்மேல் ஏறி, "ஏய், கையை எங்கடீ வெச்சீங்க?" என்று கத்துவார்கள். கையை அசைத்தால் சிஸ்டர் ஸ்கேலால் தட்டுவார். கல்யாணமான புதிதில் என் மாமியார் விருந்தாளிகளிடம் சொல்வார், "எங்க மருமக நிக்கிறதைப் பாருங்க, ராணுவத்துல சேர்த்துவிட்டாப்பல." அது அந்தக் கை. இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இப்போதுகூட பக்கெட்மேல் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு கையும் விலாவோடுதான் ஒட்டியிருக்கின்றன, பார்க்க யாருமில்லை, ஆனாலும்.

அந்தப் பாட்டு அவர்களுடைய ஐரிஷ் பாஷையில், எங்களுக்கு ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது, தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தோம். கடற்கரையில் நிற்கிற ஒருத்தி கப்பலைப் பார்த்துப் பாடுவது, அவ்வளவுதான் சிஸ்டர் சொன்னார். அடுத்த பாதி அடுத்த வாரம் என்றார். அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றார். ஆண்டு விழா வந்துவிட்டது, முதல் பாதியையே இரண்டு தடவை பாடிவிடு குமுதா என்றார், அப்போதும் எனக்குப் புரியவில்லை, அவருக்கு மறந்துபோயிருக்கும் என்று. சிஸ்டர்களுக்கு மறக்குமா என்ன. விழாவில் பிஷப் முன்வரிசையில், பக்கத்தில் கலெக்டர் சம்சாரம், மேடையில் நான், ஓரத்தில் ஹார்மோனியத்தோடு சிஸ்டர். பாடினேன். பாதி முடிந்தது. முதலுக்குத் திரும்ப வேண்டிய இடம். ஆறு வாரமாகத் திரும்பித் திரும்பி அதே இடத்துக்கு, செக்குமாடு மாதிரி, கப்பல் கிளம்பவும் மாட்டேன் என்கிறது, அவள் வீட்டுக்குப் போகவும் மாட்டேன் என்கிறாள், எனக்குச் சலித்துவிட்டது, அதுதான் நிஜம், பயமில்லை, பக்தியில்லை, சலிப்பு. பிறவியிலேயே எனக்குப் பொறுமை கிடையாது. தொண்டை திரும்பவில்லை, மேலே போய்விட்டது. அங்கேயிருந்து ஒரு இடத்துக்கு, அதிலிருந்து இன்னும் மேலே, மூச்சை விடாமல், உச்சியில் போய் நின்றுவிட்டு, இறங்காமல், அப்படியே விட்டுவிடுகிற மாதிரி. வார்த்தை இல்லை, பழைய வார்த்தைகளையே போட்டுக்கொண்டேன், எட்டு வரி. சிஸ்டரின் கை ஒரு வினாடி நின்றது, பிறகு என் பின்னாலேயே வந்தது. எங்கிருந்து வந்தது எனக்கு? நாற்பத்துமூன்று வருஷமாகத் தேடுகிறேன். ரேடியோவில் பழைய பாட்டு எதையாவது போட்டால் நெஞ்சு திக்கென்கிறது, ஐயோ இதிலிருந்து திருடியிருப்பேனோ என்று. கோயில் நாகஸ்வரம், தெருவில் போகிற வண்டி, டீக்கடை, எல்லாவற்றையும் காதைத் தீட்டிக் கேட்டாகிவிட்டது. இல்லை. எங்கேயும் இல்லை. என்னுடையதுதான்.

அது அங்கேயே முடிந்திருந்தால் இந்தப் பக்கெட்டின் மேல் நான் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டேன். மேடைக்குப் பின்னால் சிஸ்டர் என் தோள் இரண்டையும் பிடித்தார். முகமெல்லாம் தண்ணீர். தட்டப்போகிறார் என்று நினைத்தேன், பிஷப் முன்னால் சொன்னதை மீறியாகிவிட்டது, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்பார், அப்பா என்றால் எனக்கு நடுக்கம். "அதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார். "நீங்கதான் சிஸ்டர்" என்றேன். யோசிக்காமல் வந்தது, கான்வென்டில் படித்த எந்தப் பெண்ணுக்கும் வருகிற பதில், தப்பு செய்தால் உடனே பெரியவர்கள் தலையில் மரியாதையாக ஏற்றிவிடுவது. "நானா?" "ஆமா சிஸ்டர், போன வருஷம் ஒரு நாள் தோட்டத்துல பாடினீங்க, மறந்துட்டீங்க." தோட்டத்தில் என்று வேறு. அந்தத் தோட்டம் எதற்கு வந்தது. அவர் கையை எடுத்துவிட்டார். "அப்படியானால் அது எனக்குள்ளேயே இருந்திருக்கிறது" என்றார். பிறகு என் நெற்றியில் சிலுவை போட்டார், மற்றப் பெண்களுக்குப் போடுவார், நாங்கள் விபூதிக்காரர்கள், எனக்குப் போட்டது அந்த ஒரு தடவைதான். அன்றைக்கு ராத்திரியே தங்கைக்குக் கடிதம் எழுதியிருப்பார். ஸ்டெல்லாவாக இருந்தால் வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் காதில் போட்டுவிட்டு, பத்து அருள்நிறை மரியே சொல்லிவிட்டு, சனிக்கிழமை பரோட்டா சாப்பிடப் போயிருப்பாள். எங்களுக்கு அந்த வசதி இல்லை, செய்ததை வயிற்றிலேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்றே பள்ளிக்கூடம் முடிந்தது, காலேஜ் முடிந்தது, சிஸ்டர் முடிந்துபோனார், மடத்துக் கல்லறையில் மூன்றாவது வரிசை.

"காபி எப்படி?" என்கிறார் இவர். "அற்புதம்" என்கிறாள் அவள். பால் பொங்கவிட்டிருப்பார், அடி பிடித்த வாசனை இங்கேவரை வருகிறது, அற்புதமாம், இந்த மரியாதைதான், இந்த மரியாதைதான் மனுஷர்களைக் கொல்வது. பெண் பார்க்க வந்தபோது, பெண் பாடுமா என்று கேட்டார்கள். அம்மா என்னைக் கிள்ளினாள். எனக்கு ஒரு கீர்த்தனை தெரியாது, ஒரு தேவாரம் முழுசாகத் தெரியாது, தெரிந்தது அது ஒன்றுதான், கண்ணை மூடிக்கொண்டு கையை விலாவில் ஒட்டிவைத்து இரண்டு பாதியையும் பாடினேன். பஜ்ஜித் தட்டு அப்படியே நின்றது. "இது என்ன, மாதா கோயில் பாட்டா?" என்றார் மாமியார். "கான்வென்ட்ல படிச்சவ" என்றாள் அம்மா, வியாதிக்குப் பெயர் சொல்கிற மாதிரி. இவர் பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். அதுதான் கடைசி. அதற்கப்புறம் இரண்டு பிரசவம், மாமியாருக்குப் பக்கவாதம், இவருடைய இடமாற்றல்கள், நாத்தனார் பெண்ணின் ஜாதகம், ஊறுகாய் ஜாடி, லாக்கர் சாவி, எல்லாருடைய எல்லாமும் என்னிடம், யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பேன், நான் உண்டாக்கினது என்று காட்ட இந்த வீட்டில் ஒரு பொருள் கிடையாது. பிள்ளைகள் கூட அப்பா ஜாடை. அந்த எட்டு வரி ஒன்றுதான். அதையும் நானே இன்னொருத்தர் பெயரில் எழுதிக் கொடுத்தாயிற்று. சொன்னால் என்ன ஆகும்? பைத்தியக்காரி என்பாள். இல்லை, நம்புவாள், அது இன்னும் மோசம், கடல் தாண்டி வந்தவளிடம் உன் பாட்டியின் பாட்டில் பாதி ஒரு திருச்சிப் பெண் பொறுமையில்லாமல் இழுத்துவிட்டது என்று சொல்வதா? சொல்லாமல் விட்டால் மியூசியத்தில் கண்ணாடிக்குள் வைத்துவிடுவார்கள், பிறகு நானே போய்க் கேட்டாலும் அது என்னுடையதாக இராது. தலையைத் தேய்த்துக் குளித்துவிடலாமா. குளித்தால் வெளியே போக வேண்டும். சாயம் கண்ணிமைக்கு வந்துவிட்டது. எரிகிறது. டவலால் ஒற்றினால் டவல் போச்சு.

அவள் பாடுகிறாள். இவர்தான் கேட்டிருப்பார், எங்கே ஒரு சாம்பிள் என்று. முதல் பாதி. எழுபது வயசிருக்கும், குரல் நடுங்குகிறது, ஆனால் பாஷை தெரிந்து பாடுகிறாள், எங்கள் நோட்டில் கரடுமுரடாகக் கிடந்த வார்த்தைகள் அவள் வாயில் ஈரமாக இருக்கின்றன. பாதி முடிந்தது. நான் பக்கெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மேலே போனாள். என்னுடையது. என் எட்டு வரி, யாரோ முகம் தெரியாதவள் தொண்டையில், எங்கிருந்தோ சுற்றிக்கொண்டு என் வீட்டு ஹாலுக்கே வந்திருக்கிறது, மயிர்க்கூச்செறிந்தது, ஒரு நிமிஷம் எனக்கு எதுவும் வேண்டாம் என்றிருந்தது, எடுத்துக்கொண்டு போங்கள், உங்களுடையதாகவே இருக்கட்டும். அப்போதுதான் உச்சிக்கு முன்னால் அவள் இறங்கினாள். இறங்கினாள்! மெதுவாக, இனிமையாக, படியிறங்குகிற மாதிரி, வீட்டுக்கே திரும்பி வந்து காலை மடக்கி உட்கார்ந்துகொள்கிறது பாட்டு. சீ. தப்பாக எழுதியிருக்கிறாரா சிஸ்டர், அல்லது இவர்கள் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டார்களா. இவர் கை தட்டுகிறார். "ஃபன்டாஸ்டிக், ஃபன்டாஸ்டிக்." மோரீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொல்கிறாள். "என் அம்மாவை அடக்கம் பண்ணும்போது இதைத்தான் பாடினோம். முழுசாக. எங்களிடம் தொலைந்துபோனதை இவ்வளவு தூரத்தில் உங்கள் பிள்ளைகள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். மியூசியத்திலும் அப்படித்தான் எழுதப்போகிறோம்." பத்திரமாக வைத்திருந்தார்களாம். ஊறுகாய் ஜாடி. லாக்கர் சாவி. "இன்னொரு தடவை பாடுங்க, வீடியோ எடுக்கிறேன்" என்கிறார் இவர். பாடுகிறாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன், இரண்டு உள்ளங்கையும் கறுப்பு. அந்த இடம் வருகிறது. வேண்டாம். இறங்காதே. இறங்கினாள்.

"அந்த இடம் இறங்காது!" என்று கத்தினேன். ஹாலில் பாட்டு நின்றுவிட்டது. "மேலதான் போகும், போயிட்டு அங்கேயே நிக்கும். நீங்க பாடுறது தப்பு. சிஸ்டர் எழுதினது தப்பு. எனக்குத் தெரியும், அதைப் போட்டதே நான்தான்!" பத்து வருஷம் ஸ்கேலால் தட்டித் தட்டி ஏற்றின இங்கிலீஷ், தேவைப்பட்ட ஒரே தடவை வரவில்லை, எல்லாம் தமிழில். மோரீன் கேட்டாள், "என்ன சொல்கிறார்கள்?" இவருக்குப் புரிந்துவிட்டது, இவருடைய மௌனத்தின் நீளம் எனக்குத் தெரியும், முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், இது புரியாத மௌனமில்லை. ஒரு செருமல். "நத்திங், நத்திங். சோப் ஃபினிஷ்ட்."

சோப்பு. கோபமே வரவில்லை எனக்கு. எவ்வளவு லகுவாக வந்தது அவருக்கு, எவ்வளவு மரியாதையாக, விருந்தாளி மனசு நோகாமல், எதிரே இருப்பவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாகக் காபி குடிக்கும்படியாக. நானும் அப்படித்தானே சொன்னேன், தோட்டத்தில் பாடினீங்க சிஸ்டர் என்று. "ஓ, என் பையில் ஒன்று இருக்கிறதே" என்கிறாள் மோரீன், சோப்பு எடுத்துத் தரப் போகிறாள், கைப்பையின் ஜிப்பைத் திறக்கிற சத்தம், இந்தக் கதவை அரையடி திறந்து கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டு, தாங்க்யூ சொல்லி, மறுபடி தாழ் போட்டுக்கொண்டால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். தாழ்ப்பாளை இழுத்தேன். முழுசாகத் திறந்தேன். கிழிந்த நைட்டியும் கறுப்புக் காதுமாக நடந்து போய் ஹாலின் நடுவில் நின்றேன். இவர், "குமுதா, என்ன கோலம் இது" என்று எழுந்தார். மோரீன் கையில் ஹோட்டல் சோப்பு, சின்னது, காகிதம் பிரிக்காதது. சிஸ்டரின் கண், சாம்பல் கலந்த அதே பச்சை. "அவர் சோப்பு என்று சொன்னது பொய்" என்றேன், இப்போது வந்துவிட்டது இங்கிலீஷ், ஒவ்வொரு வார்த்தையின் கடைசி எழுத்தும் துல்லியமாக. "அந்த இரண்டாம் பாதி உங்கள் பாட்டியுடையது இல்லை. உங்கள் பெரியம்மாவுக்கு ஞாபகம் வரவுமில்லை. அவரிடம் நான் பொய் சொன்னேன், எனக்குப் பதினாலு வயது. அது நான் போட்டது." அவள் முகத்தில் ஏதோ கழன்றது, பார்த்தேன், அதைப் பார்க்காமலிருக்க வழியில்லை, அம்மாவின் குழியருகே நின்ற முகமாக அது இருந்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை, சொன்னால் மறுபடி மரியாதை ஆரம்பித்துவிடும். "ரெகார்டு பண்ணுங்க" என்றேன். யார் பட்டனை அழுத்தினார்கள், அழுத்தினார்களா என்றுகூடத் தெரியாது. முப்பத்திரண்டு வருஷமாகப் பாடாத தொண்டை, உச்சியை எட்டுமா என்று எனக்கே தெரியாது. கை இரண்டும் எங்கேயோ இருந்தன. மூச்சை இழுத்தேன்.